ஒரே பேர், அஞ்சு யூனிட்

என் நாவலுக்கு ‘நெருப்புக்கு லீவு இல்லை’ என்று பேர் வைத்தவள் நான். அதே பேரில் இப்போது ஒரு நாடகம் இருக்கிறது, ஒரு பாட்டு இருக்கிறது, சிப்காட் முனையில் ஒரு சிலை நிற்கிறது, கடைசியாக ஒரு சினிமாவும் வந்துவிட்டது. இவற்றுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மீஞ்சூர் ரயில் ஸ்டேஷனில் நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. யாரும் நம்புவதில்லை. நம்பாமல் போனால் போகட்டும், “ட்ரீட் எப்போ?” என்று கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பேர் என்னுடையதும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் எந்த மில்லுக்குள் போய் லீவு கேட்டாலும் சூப்பர்வைசர் வாயிலிருந்து முதலில் வந்து விழுவது அதுதான். பர்னஸைப் பற்றவைத்தால் பிறகு அணைக்க முடியாது. பொங்கல் என்றாலும் முடியாது, பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றாலும் முடியாது. “நெருப்புக்கு லீவு இல்லப்பா, உனக்கு மட்டும் இன்னாத்துக்கு?” என்பார்கள். டீக்கடையில் ஊரே சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து நான் அட்டையில் போட்டேன். மற்றவர்களும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இது என் புத்திக்குத் தெரியும். வயிற்றெரிச்சலுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

நான் நாவல் எழுதியதே பக்கத்து வீட்டு அக்காவுக்காகத்தான். நான் சிப்காட்டில் ஒரு பவுண்டரி லேபில் வேலை பார்க்கிறவள். உருகிய இரும்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்வது என் வேலை. என் வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர். அவர் முன்பு வேலை பார்த்த மில்லில்தான் அக்காவின் புருஷனும் கான்ட்ராக்டில் இருந்தார். பெண்ணுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஒரே ஒரு நாள் லீவு கேட்டார். மேலே சொன்ன அந்தப் பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சரி, ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுக்காவது வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரும்புக் குழம்பு ஏந்திப் போகும் பெரிய தொட்டி சாய்ந்தது. அவர் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கம்பெனிக்குக் கருணை பிறந்தது. அவர் அன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டார்கள். “காதுகுத்துக்கு லீவு கேட்டார், குடுத்தோம். அப்புறம் அந்த ஆள் உள்ளே எப்படி வந்தார், எதுக்கு வந்தார்னு எங்களுக்குத் தெரியாது.” உயிரோடு இருந்தபோது கொடுக்காத லீவை, செத்த பிறகு தாராளமாகக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அந்த ஷிப்டில் மேலே கிரேனில் இருந்தவர். அக்காவின் புருஷன் வேலைக்கு வந்தார், மெஷின்கிட்டே நின்றார், நான் கண்ணால் பார்த்தேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். “அவ்ளோ ஒசரத்துல, அந்தப் புகையில, உனக்கு இன்னாயா தெரிஞ்சிருக்கும்?” என்று முடித்துவிட்டார்கள்.

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டையுமே மூட முடியாது. லீவு போட்டுவிட்டுக் காதுகுத்துக்கும் போகாமல் அவன் எங்கே சுற்றினான், குடித்துவிட்டு மில்லுக்குள் வந்து விழுந்தானா என்று சொந்தக்காரர்களே ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு பெண்ணின் காதுவரைக்கும் போய்விட்டது. கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒருநாள் அவள் அம்மாவிடம் கேட்டாள்: “லீவு இருந்தும் அப்பா ஏம்மா என் காதுகுத்துக்கு வரல?” அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “நீ அப்டித்தான் சொல்லுவ, உன் புருஷன்” என்று அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து அப்பா என்ற பேச்சையே அவள் எடுப்பதில்லை. இப்போது காலேஜ் போகிறாள்.

அதனால் அக்காவுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் அன்றைக்கு வேலைக்குத்தான் போனார் என்று, தன்னைத் தவிர வேறு யாராவது, நாலு பேர் நடுவில், அந்தப் பெண் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். “நீ எழுதறவளாச்சே கண்ணு” என்று என்னிடம் வந்தாள். எழுதினேன். மூன்று வருஷம் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினேன்.

வெளியீட்டு விழாவை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தோம். பேச வந்த ஐந்து பேரில் ஒருவர்கூடப் புத்தகத்தைப் பிரித்திருக்கவில்லை. ஒருவர் அட்டைப்படத்தைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார். இன்னொருவர் நெருப்பு என்பது பஞ்சபூதங்களில் ஒன்று என்ற அரிய தகவலைத் தந்தார். முதல் வரிசையில் தலைவாரிப் பூவைத்து உட்கார்ந்திருந்த அக்கா, கேசரி வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“இன்னா கண்ணு, அவரு வேலைக்கு வந்தாருன்னு ஒருத்தரும் சொல்லலியே.”

“புக்ல இருக்குக்கா. படிச்சா தெரியும்.”

“யாரு படிப்பா?” என்றாள். கேலியெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டாள். யாரும் படிக்கவில்லை. மிஞ்சிய பிரதிகளைக் கட்டி வீட்டில் அடுக்கினோம். அதன் மேல் என் வீட்டுக்காரர் ஏர்கூலரைத் தூக்கி வைத்தார். “சரியான ஒசரம்மே, காத்து நேரா மூஞ்சிக்கு வருது” என்றார். அந்த நாவலுக்கு வந்த ஒரே நல்ல விமர்சனம் அதுதான்.

அடுத்தது நாடகம். எங்கள் பவுண்டரியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். எச்.ஆர். அதிகாரிக்கு என் தலைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. தலைப்பு மட்டும். அதை வைத்து அவரே ஒரு நாடகம் எழுதினார். சிவப்புப் புடவையைச் சுற்றிக்கொண்டு அக்கவுன்ட்ஸ் ஆள் நெருப்பாக வந்து ஆடினார். ஹெல்மெட் போடாத, போனில் பேசுகிற, தண்ணி போட்ட தொழிலாளி ஒருவன் வந்தான். நெருப்பு அவனைப் பார்த்து மூன்று தடவை எச்சரித்தது. அவன் கேட்கவில்லை, செத்தான். மேனேஜ்மென்ட் வேடம் போட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் உறுதிமொழி எடுத்தோம். எனக்குச் சால்வை போர்த்தி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள்.

அக்கா அந்த பவுண்டரி கேன்டீனில்தான் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தாள். கடைசி வரிசையில் நின்று முழு நாடகத்தையும் பார்த்திருக்கிறாள். சாயந்தரம் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பொன்னேரி தாண்டியதும் கேட்டாள்.

“மொத யூனிட்டுல நல்லாத்தான் போட்டே. ரெண்டாவது யூனிட்டுல ஏன் கண்ணு அவர குடிகாரனாக்கிட்டே?”

எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. கொஞ்சம் விசாரித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி என்றால் அதற்கு யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு, யூனிட் மூன்று என்று இருக்கும். ஒன்றில் இரும்பை உருக்குவார்கள், அடுத்ததில் கம்பி இழுப்பார்கள், மூன்றாவதில் பிஸ்கட்கூடப் போடுவார்கள். வாசலில் போர்டு ஒரே பேர், முதலாளி ஒரே ஆள். இன்றைக்கு ஒன்றில் வேலை இல்லையென்றால் நாளைக்கு மற்றதில் போய் நிற்கச் சொல்வார்கள். அக்காவே அப்படி இரண்டு யூனிட்டுக்கும் மாறி மாறித் துடைப்பம் தூக்கியவள். அவள் கணக்கில் நாவல் முதல் யூனிட், நாடகம் இரண்டாவது யூனிட். பேர் ஒன்று என்றால் முதலாளியும் ஒன்று. அந்த முதலாளி நான்.

“அது நான் எழுதினது இல்லக்கா, அந்த எச்.ஆர். ஆளு எழுதினது.”

“அவரு மேனேஜரு. பேரு உன்னுதுதானே?”

மறுநாள் எச்.ஆரிடம் போய்ச் சண்டை போட்டேன். “டைட்டில் உங்களுது மேடம், கன்டென்ட் கம்பெனியுது” என்று சிரித்துக்கொண்டே டீ வரவழைத்தார். அந்த ஹாட்பாக்ஸை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர்தான் “பாக்ஸ் இன்னா தப்பு பண்ணுச்சு?” என்று இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது யூனிட் ஷேர் ஆட்டோவில் வந்தது. ஏதோ ஒரு கானா பாட்டுக்காரர் பாடிப் போனில் விட்டிருந்தார். பெண் பார்க்கிறாளாம், அந்தப் பார்வை நெருப்பாம், அந்த நெருப்பு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுப்பதில்லையாம். ஒரு மாசம் அந்தப் பாட்டு இல்லாமல் சிப்காட்டில் ஒரு ஆட்டோ ஓடவில்லை. என்னோடு படித்தவள் ஒருத்தி போன் செய்து, “பாட்டெல்லாம் எழுத ஆரம்பிச்சிட்டியா, இந்த வயசுல லவ்வா?” என்று கேட்டாள். அக்கா ஆட்டோவில் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துக் கடைசிவரை கேட்டாள். “இதுல இரும்பே வரலியே கண்ணு” என்றாள். குறை சொல்கிற தொனியே இல்லை. ஒரு யூனிட்டில் இல்லாத சரக்கு அடுத்த யூனிட்டில் இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவள் குரலில் இருந்தது.

நான்காவது, சிலை. பல கம்பெனிகள் சேர்ந்து ஊரை அழகுபடுத்தப் போவதாகக் கிளம்பின. கழித்துப்போட்ட இரும்பையெல்லாம் வெல்டிங் வைத்து நெருப்பு மாதிரி ஒன்று செய்து முனையில் நிறுத்தினார்கள். கீழே கல்வெட்டில் நம் தலைப்பு. அதன் கீழே திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர். உலையில் வேலை செய்தவன் எவனும் அந்த விழாவில் எதையும் வகிக்கவில்லை. ஒரு வாரத்தில் ஆடு கட்டத் தோதான இடம் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“இதுல அவரு எங்க கீறாரு?”

“இதுல யாருமே இல்லக்கா. இது வெறும் சிலை.”

“அப்ப அஞ்சாவதுல வருவாரு” என்று ஆட்டைத் தள்ளிவிட்டு நடந்தாள்.

ஐந்தாவது வந்தது. பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். ஹீரோ கையில் தகதகக்கும் கம்பி, பின்னால் மில், மேலே என் தலைப்பு. அன்றைக்கு என் போன் படுத்திய பாடு சொல்லி முடியாது. பத்து வருஷமாகப் பேசாத நாத்தனார் பேசினாள். தெருவே வந்து ஹீரோ எப்படிப் பழகுகிறார் என்று விசாரித்தது. நாவலை யாராவது கேட்பார்கள் என்று கூலரைக்கூட இறக்கி வைத்தேன். ஒருத்தர் கேட்கவில்லை. ஆத்திரம் தாங்காமல் பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீலிடம் போனேன். “தலைப்புக்கெல்லாம் யாரும் பட்டா வாங்க முடியாதும்மா” என்றார் அவர். கதையில் ஏதாவது ஒற்றுமை இருக்கிறதா என்று கேட்டார். டிரெய்லரில் ஹெலிகாப்டர் வருகிறது என்றேன். போய்விட்டு வாங்க என்று எழுந்து நின்றுவிட்டார்.

அக்காவிடம் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அக்கா, சத்தியமாக இது என்னுடையது இல்லை, இவர்களுக்கு என்னையும் தெரியாது, உன் புருஷனையும் தெரியாது, போகாதே என்றேன்.

“சும்மா இரு கண்ணு. பெரிய யூனிட் ஓனருங்கோ அப்டித்தான் சொல்லுவாங்கோ. இன்கம்டேக்ஸ் வந்துடும்னு பயம்.”

மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கியது. அந்தப் பெண்ணுக்கு ஹீரோவைப் பிடிக்கும், வருகிறேன் என்றிருக்கிறாள். எதற்காகத் தன்னைக் கூப்பிடுகிறாள் அம்மா என்று அவளுக்குத் தெரியாது. அக்கா மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

முதல் நாள், காலைக் காட்சி. என் வீட்டுக்காரர் காய்ச்சல் என்று கம்பெனிக்குப் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார். கும்மிடிப்பூண்டித் தியேட்டர் வாசலில் தாரை தப்பட்டை, கட்அவுட்டுக்குப் பால். உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்தோம். முதலில் அக்கா மகள், பிறகு அக்கா, பிறகு நான், ஓரத்தில் அவர். விளக்கு அணைந்ததும் அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

படம் தொடங்குமுன் வழக்கம்போல் திரையில் எழுத்து வந்தது. என் வீட்டுக்காரருக்குத் தியேட்டரில் எது வந்தாலும், புகையிலை விளம்பரமாக இருந்தாலும், சத்தமாகப் படித்தாக வேண்டும். “இக்கதையில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் முழுக்க முழுக்கக் கற்பனையே. யாரையும் எந்த நிறுவனத்தையும் குறிப்பிடுவன அல்ல.”

“இன்னா சொல்றான்?” என்று அக்கா கேட்டாள்.

“இதுல வர்ற ஆளுங்கோ யாரும் நெசத்துல இல்லியாம். அதுமாரி எதுவும் நடக்கலியாம்” என்றார் அவர்.

அக்கா முகவாயால் திரையைக் காட்டினாள்.

“கம்பெனிக்காரனும் இதத்தானே சொன்னான்” என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். “உன் புக்லயும் இது கீதா கண்ணு?”

இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில். பதிப்பாளர் எல்லாப் புத்தகத்திலும் போடுவது வழக்கம் என்றார், நானும் தலையாட்டினேன். அவள் புருஷன் பேரையும் நாவலில் மாற்றித்தான் வைத்திருந்தேன், அதுவும் வழக்கம்தான். “கீதுக்கா” என்றேன். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. மகளின் மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

படத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஹீரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை வெறுங்கையால் பிடித்து ஒரு கூட்டத்தையே அடித்தார். எங்கள் ஊரில் ஆறிய கம்பியைத் தொடவே கிளவுஸ் போடுவார்கள். மில்லில் நாயகி வெள்ளை உடையில் ஆடினாள், ஒரு பொட்டுக் கரி படவில்லை. தொழிலாளர்கள் என்று பின்னால் ஒரு கும்பல் நின்றது. ஹீரோ பேசி முடித்ததும் கைதட்டுவது அவர்களுடைய வேலை. லீவு எடுக்காத அந்த நெருப்பு யார் என்று பார்த்தால், ஹீரோவேதான். என் வீட்டுக்காரர் மட்டும் கிரேன் வரும்போதெல்லாம் “ஹூக்கே மாட்டலியேடா” என்று அலறிக்கொண்டிருந்தார். அக்கா இடைவேளையில்கூட எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தால் வெயில், கூட்டம், பட்டாசுப் புகை. இப்போதெல்லாம் முதல் நாள் படம் விட்டு வருகிறவர்களை மைக்கோடு மறிக்கிறார்களே, அப்படி ஒரு தாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். உள்ளூர் யூடியூப். பட்டுப்புடவை அவர் கண்ணில் பட்டுவிட்டது போலிருக்கிறது. கேமராவோடு நேராக அக்காவிடம் வந்தார். சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது.

“அம்மா, நெருப்புக்கு லீவு இல்லை! படம் எப்டிமா இருக்குது? ஒரே வார்த்தைல சொல்லுங்க!”

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மைக்கைப் பார்த்து, தன் புருஷனின் பேரைச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் அவள் வயசுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட இவள் மகளைவிட்டுத்தான் சொல்ல வைப்பாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தப் பேரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பேரைச் சொன்னாள். அவருடைய அப்பா பேரைச் சொன்னாள். மில் பேர், எந்த ஷிப்ட், எல்லாம் சொன்னாள். “எம்பொண்ணு காதுகுத்துக்கு லீவு கேட்டாரு. குடுக்கல. அன்னிக்கு வேலைக்குத்தான் வந்தாரு.”

“வந்தாரு!” என்று என் பின்னாலிருந்து ஒரு சத்தம். என் வீட்டுக்காரர். கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். “மேலருந்து நான் பாத்தேன். கேமராவ இங்க திருப்புயா. நான் பாத்தேன்.” காய்ச்சல் என்று லீவு போட்டவர், முகத்தைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுபோய்ச் சொன்னார்.

தாடிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். யாருமா அது? படத்துல அப்டி ஒரு கேரக்டரே இல்லியே?”

“படத்துல இல்ல நைனா. மில்லுல இருந்தாரு.”

“அதான் யாருன்னு கேக்கறேன்.”

அதுவரை கட்அவுட்டைப் படம் பிடித்துக்கொண்டு தள்ளி நின்ற அக்கா மகள் வந்தாள். அம்மாவை ஒருதரம் பார்த்தாள், என் வீட்டுக்காரரை ஒருதரம் பார்த்தாள். அந்த ஆளின் கையோடு சேர்த்து மைக்கைப் பிடித்துத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

“எங்கப்பா” என்றாள்.